காலனை வென்ற ஊரும் கடல் கடந்து வந்த கதிரும்

சோழவள நாட்டின் கீழைக் கடலோரத்துத் திருத்தலங்களுள் திருக்கடையூர் தனிச்சிறப்பு வாய்ந்தது. மார்க்கண்டேயனுக்காகக் காலனைக் காலால் உதைத்த காலசங்கார மூர்த்தி கோயில் கொண்டிருக்கும் ஊர் இது. அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்று. அறுபது நிறைந்தோரும் எண்பது நிறைந்தோரும் மக்களும் பேரன் பேத்தியரும் சூழ வந்து மீண்டும் மணக்கோலம் பூணும் ஊர். முதலாம் சரபோசி மன்னர் காலத்தில் (1712–1728) தை அமாவாசை இரவில் அபிராமி பட்டருக்காக முழுநிலவு தோன்றியது என்னும் வரலாறும் இத்தலத்திற்கே உரியது.

காலனைத் தள்ளி நிறுத்துவது, இருளில் ஒளி காண்பது ஆகிய இரண்டையும் இவ்வூரின் தொன்மங்கள் பேசுகின்றன. மனித முயற்சியில் இவ்விரண்டும் ஒன்றாகக் கூடிய துறை ஒன்று உண்டு. உடலின் உள்ளிருளில் ஒளி பாய்ச்சி, கண்ணுக்குப் புலனாகா நோயைப் படமாக்கிக் காட்டும் ஊடுகதிர் மருத்துவமே அது. அதனைத் தென்னாட்டுச் சிற்றூர்களுக்குச் சுமந்து வந்தோரின் வரலாற்றில், திருக்கடையூரிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவிலுள்ள தரங்கம்பாடிக்கும் ஒரு தொடக்கம் உண்டு.

தரங்கையில் இறங்கிய மருத்துவர்

1620ஆம் ஆண்டு தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் தரங்கம்பாடியில் கோட்டை எழுப்பினர். அவர்கள் வந்தது மிளகுக்காக. வாணிகம் அவர்கள் எண்ணியவாறு செழிக்கவில்லை. 1845இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுச் சென்றனர். ஆயினும் இடைப்பட்ட இருநூற்று இருபத்தைந்து ஆண்டுகளில் அக்கடற்கரையில் வேறொரு கொடுக்கல் வாங்கல் நடந்தது. அது மருத்துவ அறிவைப் பற்றியது.

1706இல் டென்மார்க்கு மன்னரின் ஆதரவில் சீகன்பால்கு தரங்கை வந்து சேர்ந்தார். அவருடைய துணைவர்களுள் ஒருவரான கிரண்ட்லர், தமிழ் மருத்துவரிடம் கேட்டும் ஏட்டுச்சுவடிகளைப் பார்த்தும் தமிழ் மருத்துவத்தைப் பற்றி 1711இல் செருமானிய மொழியில் ஒரு நூலை எழுதினார். கற்பிக்க வந்தவர் முதலில் கற்க அமர்ந்த நிகழ்ச்சி அது. பின்னர் 1730இல் சிலேகல்மில்க் என்னும் மருத்துவர் திருச்சபைப் பணிக்காகவே அனுப்பப்பெற்றார். வந்த ஆண்டிலேயே அவர் நோயுற்று இறந்தார். அந்த இழப்பைக் கண்டும் 1732இல் நோல் என்பவர் வந்தார். 1768இல் தாவர நூலறிஞர் லின்னேயசின் மாணவரான கூனிக் வந்தார்.

இவர்களுக்குச் சமயம் பரப்பும் நோக்கமும் இருந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் கடல் கடந்து வந்து, மொழி தெரியாத ஊரில், தம் உயிருக்கு உறுதியில்லாத நிலையில் பிறர் நோயைப் போக்க முன்வந்தனர் என்பதும் உண்மை. இற்றைநாளில் தன்னார்வப் பணி என்று வழங்கப்படுவதன் பழைய வடிவம் இதுவே எனலாம். இவர்களிடம் இருந்த கருவிகள் கண்ணும் கையும் காதுமே. நாடி பார்ப்பதில் தமிழ் மருத்துவர் அவர்களை விஞ்சியிருக்கவும் கூடும். உடலுக்குள் நடப்பதைக் காணும் வழி இரு சாராருக்கும் இல்லை.

தஞ்சை அரண்மனையின் கண் ஓவியங்கள்

உள்ளே காண இயலாதபோதும், கண்டதைப் படமாக்கிப் போற்றும் வழக்கம் காவிரி நாட்டில் ஊடுகதிருக்கு முன்பே இருந்தது என்பது வியப்புக்குரிய செய்தி. தரங்கையில் 1750இல் வந்திறங்கிப் பின்னர்த் தஞ்சையில் தங்கிய சுவார்ட்சு பாதிரியாரின் அரவணைப்பில் வளர்ந்தவர் இரண்டாம் சரபோசி மன்னர் (ஆட்சி 1798–1832). அவர் தன்வந்திரி மகால் என்னும் மருத்துவச் சாலையை அமைத்து, தமிழ் மருத்துவம், ஆயுர்வேதம், யுனானி, ஐரோப்பிய மருத்துவம் ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ் ஆராயச் செய்தார். கண்நோய் மருத்துவத்தில் அவருக்குப் பேரார்வம் இருந்தது.

அங்குக் கண் மருத்துவம் பெற்றோரின் குறிப்பேடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன. நோயாளியின் நிலை, செய்த மருத்துவம், அதன் பயன் ஆகியவை எழுதப்பெற்றிருப்பதோடு, நோயுற்ற கண்ணும் வண்ண ஓவியமாகத் தீட்டப்பெற்றிருக்கிறது. தஞ்சை ஓவியர் தெய்வத் திருவுருவங்களுக்குப் பொன்னிழை வைத்த அதே காலத்தில், பெயரறியா ஏழை ஒருவரின் புரை படர்ந்த விழியும் தூரிகைக்குப் பொருளாயிற்று. அழகுக்காக எழுதப்பட்ட ஓவியங்கள் அல்ல அவை. அடுத்து வரும் மருத்துவன் பார்த்துத் தெளிவு பெற எழுதப்பட்டவை. நோயின் படம் நோயைத் தீர்க்கும் அறிவுக்குத் துணை என்னும் கருத்து அவற்றில் தெளிவாக இருக்கிறது.

ஆனால் அம்முயற்சி மன்னரோடு நின்றது. அதனைத் தொடர்ந்து நடத்த அமைப்பு இல்லை. அரண்மனைக்கு வெளியே சிற்றூர்களில் அதன் கிளைகள் இல்லை. 1855இல் தஞ்சை அரசே முடிவுற்றது. ஓவியங்கள் எஞ்சின, மருத்துவச் சாலை எஞ்சவில்லை. பின்வந்த வரலாற்றிலும் இக்குறை மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதைக் காணலாம்.

இருட்டறையில் பிறந்த கதிர்

1895 நவம்பர் 8ஆம் நாள் செருமனியின் வூர்ட்சுபர்க்கு நகரில், இருட்டாக்கிய ஆய்வறையில் இராண்ட்கன் புதிய கதிர் ஒன்றைக் கண்டார். கறுப்புத்தாளால் மூடிய குழாயிலிருந்து வெளிப்பட்ட கதிர் சற்றுத் தொலைவில் இருந்த திரையை ஒளிரச் செய்தது. அதன் தன்மை விளங்காமையால், தெரியாத ஒன்றைக் குறிக்கும் எக்சு என்னும் எழுத்தையே அதற்குப் பெயராக இட்டார். அவ்வாண்டு டிசம்பரில் தம் மனைவியின் கையைப் படமெடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் மட்டும் அதில் தெரிந்தன. 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. இக்கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. உலகுக்கே உரியது என விட்டுவிட்டார். பரிசுத் தொகையையும் பல்கலைக்கழகத்திற்கே வழங்கினார். ஊடுகதிரின் வரலாறு ஒரு கொடையோடு தொடங்குகிறது.

அக்கருவி மருத்துவமனைச் சுவருக்குள் அடங்கி நிற்கவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1897–98இல், இந்தியாவின் வடமேற்கு எல்லையில் நடந்த திரா மலைப் போரில் ஆங்கிலப் படை மருத்துவர் பீவர் அதனை மலைவழியே கொண்டுசென்றார். முதல் உலகப் போரில் மேரி கியூரி அம்மையார் மோட்டார் வண்டிகளில் ஊடுகதிர்க் கருவியைப் பொருத்தினார். மின்சாரம் இல்லாத இடத்தில் வண்டியின் எந்திரமே மின்னாக்கியைச் சுழற்றியது. இருபது வண்டிகள், இருநூறு ஊடுகதிர் நிலையங்கள், பயிற்சி பெற்ற நூற்றைம்பது பெண்கள் என அப்பணி விரிந்தது. பதினேழு வயது மகள் ஐரீனும் அதில் தோள் கொடுத்தார். நோயாளி கருவியைத் தேடி வரவேண்டும் என்னும் முறை மாறி, கருவி நோயாளியைத் தேடிச் செல்லலாம் என்பது அங்கே உறுதியாயிற்று.

அதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. கதிரின் தீங்கு அறியப்படாத காலத்தில் விரல்களையும் கைகளையும் இழந்தோர் பலர். உயிரை இழந்தோரும் பலர். அவர்களுக்காக 1936இல் ஆம்பர்க்கு நகரில் எழுப்பப்பெற்ற நினைவுத்தூணில் தொடக்கத்திலேயே 169 பெயர்கள் பொறிக்கப்பட்டன. பிறர் உடலைக் காணத் தம் உடலைக் கொடுத்தவர்கள் அவர்கள்.

தெளிவுபடாத நோய்

நோயை உறுதியாகக் காண இயலாமை எத்தகைய இழப்பைத் தரும் என்பதைக் காவிரி நாடு தன் மகன் ஒருவர் வாயிலாகவே அறிந்தது. குடந்தையில் வளர்ந்த கணிதமேதை இராமானுசன் 1917இல் இங்கிலாந்தில் நோயுற்றார். மெண்டிப் குன்றுகளில் இருந்த காசநோய் நலமனையில் சில காலம் தங்கினார். அங்கே அவரைக் கவனித்த மருத்துவர் சௌரிமுத்து ஒரு தமிழர். பின்னர் வேறு வேறு நலமனைகள். வேறு வேறு மருத்துவர். வேறு வேறு கருத்துகள். காசநோய் என்பதே பெரும்பாலோர் எண்ணம். 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் நாள் முப்பத்திரண்டாம் வயதில் சென்னையில் மறைந்தார். எழுபத்து நான்கு ஆண்டுகளுக்குப்பின், 1994இல், பழைய குறிப்புகளை ஆராய்ந்த யங் என்னும் மருத்துவர், அந்நோய் கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்றும், அது அக்காலத்திலும் குணப்படுத்தக்கூடிய நோயே என்றும் எழுதினார். அக்கருத்து சரியாயின், நோயைப் பிறழ உணர்ந்தமையே அப்பேரறிவை முப்பத்திரண்டு வயதில் முடித்தது எனலாம்.

சௌரிமுத்து பின்னர்த் தமிழகம் திரும்பி 1928இல் தாம்பரத்தில் ஒரு காசநோய் நலமனையைத் தொடங்கினார். 1937இல் அரசு அதனை ஏற்றது. வெளிநாட்டில் தேர்ந்த மருத்துவத்தைத் தாய்மண்ணுக்குக் கொண்டுவந்த தமிழருள் அவர் முன்னோடி.

தமிழிலக்கிய உலகமும் காசநோய்க்குத் தன் பங்கை அளித்திருக்கிறது. சிறுகதை மன்னர் புதுமைப்பித்தன் 1948இல் அந்நோயால் மறைந்தார். அப்போது அவர் வயது நாற்பத்திரண்டு. ஸ்டிரெப்டோமைசின் மருந்து 1943இலேயே கண்டறியப்பெற்றுவிட்டது. ஆயினும் இந்நாட்டின் எளிய நோயாளிக்கு அது எட்டவில்லை. நோயைக் காண்பதற்கும் நோயைப் போக்குவதற்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்பதை அம்மரணம் எடுத்துரைக்கிறது.

ஆரோக்கியவரம்

சென்னை மாகாணத்தில் ஊடுகதிர்த் துறை வேரூன்றியது படிப்படியாகவே. கேப்டன் பர்னார்டின் முயற்சியால் சென்னைப் பொது மருத்துவமனையில் 1934இல் அவர் பெயரால் ஊடுகதிர்க் கழகம் அமைந்தது. ஆனால் அது தலைநகரில் இருந்தது. தஞ்சைத் தரணியின் கடைமடைச் சிற்றூரில் இருமிக்கொண்டிருந்த உழவனுக்குச் சென்னை என்பது கடலுக்கு அப்பால் இருப்பதைப் போன்றதே. நடவும் அறுவடையும் தவறினால் அந்த ஆண்டின் கூலியே இல்லை. ஒருநாள் வேலையை விட்டுப் படமெடுக்கச் செல்வதென்பது வீட்டில் ஒருநாள் உலை கொதியாமை. இந்நிலை காவிரி நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இந்தியச் சிற்றூர் முழுமைக்கும் பொது.

இத்தடையை உடைக்கத் துணிந்தவர்களுள் மீண்டும் டேனியரைக் காண்கிறோம். கிறித்தியான் பிரிமோட் மொல்லர் என்னும் டேனிய மருத்துவர் தொடக்கத்தில் தென்னார்க்காட்டுத் திருக்கோவலூரில் பணியாற்றினார். இருள் சூழ்ந்த மழையிரவில் முதலாழ்வார் மூவரும் ஓர் இடைகழியில் நெருங்கி நின்று, உள்ளே வந்தவர் யாரெனக் காண ஞான விளக்கேற்றிய ஊர் அது. பல திருச்சபைகள் ஒன்றுகூடி மதனப்பள்ளிக்கருகே 1915இல் காசநோய் நலமனை ஒன்றைத் திறந்தபோது அவர் அதன் முதல் தலைமை மருத்துவரானார். அவ்விடத்திற்கு ஆரோக்கியவரம் என்று பெயரிட்டனர். இன்று ஆந்திர நாட்டில் இருக்கும் மதனப்பள்ளி அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. இரவீந்திரநாத் தாகூர் 1919இல் அங்குத் தங்கியிருந்தபோதுதான் சனகணமன பாடலை ஆங்கிலத்தில் ஆக்கினார் என்பது கவிஞர் உள்ளங்களுக்கு இனிய செய்தி.

மருந்து இல்லாத அக்காலத்தில் நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவையே காசநோய்க்கு மருத்துவம். இவற்றோடு, நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வளிக்க மார்புக்கூட்டினுள் காற்றைச் செலுத்தி அதனைச் சுருங்கச் செய்யும் முறையும் வழக்கிலிருந்தது. நுரையீரல் எந்த அளவு சுருங்கியது என்பதைக் காண ஊடுகதிர் இன்றியமையாதது. காற்று நிறைந்த நுரையீரல் கதிருக்கு வழிவிடுவதால் படத்தில் கருமையாகத் தெரியும். நோய் படிந்த பகுதி வெண்மேகம் போல் மங்கித் தோன்றும். நோய் அரித்த இடம் வளையமிட்ட குழியாய்க் காணும். அம்மேகத்தைப் படிக்கக் கற்பது ஏட்டுச்சுவடி படிக்கக் கற்பதைப் போன்ற பயிற்சி. அப்பயிற்சியை இந்திய மருத்துவர் பலருக்கு ஆரோக்கியவரம் அளித்தது. பிரிமோட் மொல்லருக்குப்பின் அதன் தலைமையை ஏற்றவர் பி. வி. பெஞ்சமின் என்னும் இந்தியர். விடுதலை பெற்ற இந்தியாவின் காசநோய் ஆலோசகராக விளங்கியவரும் அவரே. வெளிநாட்டார் தொடங்கிய பணியை உள்நாட்டார் ஏற்று நடத்தும் நிலை வரும்போதுதான் தன்னார்வத் தொண்டு நிறைவு பெறுகிறது என்பதற்கு இது சான்று.

சிற்றூர்களை நாடிய ஊர்தி

1936இல் பிரேசில் நாட்டு மருத்துவர் மனுவேல் தெ அப்ரேயு ஒரு புதுமுறையைக் கண்டார். ஒளிரும் திரையில் விழும் மார்பின் நிழலைச் சிறு புகைப்படச் சுருளில் பதிவு செய்வது அம்முறை. பெரிய படத்தின் செலவு இதனால் பலமடங்கு குறைந்தது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோரைப் படமெடுக்க முடிந்தது. கருவியை ஊர்தியில் ஏற்றி ஊர் ஊராகச் செல்லும் காலம் பிறந்தது.

1948இல் இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசிப் பணி முதன்முதல் தொடங்கிய இடங்களுள் மதனப்பள்ளியும் ஒன்று. அதே காலத்தில் ஆரோக்கியவரத்தின் தலைமை, முதல் தலைமை மருத்துவரின் மகன் யோகான்னசு பிரிமோட் மொல்லரிடம் வந்தது. அவர் 1950 முதல் 1955 வரை மதனப்பள்ளி நகரிலும் சுற்றியிருந்த சிற்றூர்களிலும் பேராய்வு ஒன்றை நடத்தினார். வீடுவீடாகக் கணக்கெடுத்து, தோல் சோதனை செய்து, ஊடுகதிர்ப் படமெடுத்து, ஐயத்திற்கு இடமானவரின் சளியை ஆராய்ந்து, மீண்டும் மீண்டும் அதே ஊர்களுக்குச் சென்று யார் நலமுற்றார், யார் புதிதாக நோயுற்றார் எனப் பதிந்தது அப்பணி. 1960இல் உலக நலவாழ்வு நிறுவனம் அதன் முடிவுகளை விரிவாக வெளியிட்டது.

ஒருமுறை வந்து படமெடுத்துச் செல்வது எளிது. ஐந்தாண்டுகள் அதே தெருவுக்குத் திரும்பி வருவது அரிது. முதல்முறை ஊர்தியைக் கண்டு ஒதுங்கியவர் மூன்றாம் முறை தாமே வந்து நிற்பர். நம்பிக்கை என்பது கருவியோடு வந்து இறங்குவதன்று. திரும்பி வருவோரைக் கண்டு வளர்வது. மதனப்பள்ளிப் பணியின் பெருமை இதில்தான் இருக்கிறது.

இதனைத் தொடர்ந்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1955 முதல் 1958 வரை நாட்டின் ஆறு வட்டாரங்களில் நகரங்களையும் சிற்றூர்களையும் ஊடுகதிரால் ஆராய்ந்தது. ஆயிரம் பேரில் பதின்மூன்று முதல் இருபத்தைந்து பேர் வரை படத்தில் நோய் அறிகுறி உடையவராயிருந்தனர். காசநோய் நெரிசலான நகரத்தின் நோய் என்னும் பழங்கருத்து அப்போது உடைந்தது. பசும்வயலும் தூய காற்றும் சூழ்ந்த சிற்றூரிலும் அந்நோய் ஏறத்தாழ அதே அளவு இருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது என்பதே வேறுபாடு.

படம் கண்டதும் பணி முடிவதில்லை

இவ்வரலாற்றின் மிக முக்கியமான திருப்பம் அடுத்து வருகிறது. 1956இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் மருந்தாய்வு மையம், நோயாளிக்கு வீட்டிலிருந்தபடியே ஓராண்டு மருந்து கொடுத்தாலும் நலமனையில் தங்குபவரைப் போலவே குணமடைவர் என்பதை 1959இல் உலகுக்கு எடுத்துக்காட்டியது. சேரியில் வாழ்ந்த ஏழை நோயாளிகளைக் கொண்டு நிறுவப்பெற்ற உண்மை அது. மலைக்காற்றும் ஓய்வும் வாய்க்காதவருக்கும் வாழ்வு உண்டு என்பது அதன் பொருள். இனி நோயாளியைக் கண்டுபிடித்து மருந்தை ஒழுங்காகச் சேர்ப்பதே பணி என்றாயிற்று.

அங்கே ஒரு கேள்வி எழுந்தது. இந்தியாவின் இலட்சக்கணக்கான சிற்றூர்களுக்கும் ஊடுகதிர் ஊர்தியை அனுப்ப முடியுமா? ஊர்தி, எரிபொருள், படச்சுருள், பழுது பார்ப்போர், படம் படிக்கும் மருத்துவர் ஆகிய எல்லாம் வேண்டும். 1959இல் பெங்களூரில் அமைந்த தேசியக் காசநோய் நிறுவனத்தில் இக்கேள்வி ஆராயப்பட்டது. இந்திய மருத்துவ அறிஞர் தேவபர் பானர்ஜியும் டேனியரான ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டச் சிற்றூர்களில் நோயாளிகளைத் தேடிப் பேசி 1963இல் தம் முடிவை வெளியிட்டனர். நோயாளிகளில் பெரும்பாலோர் தம் உடல்நலக் குறைவை உணர்ந்தே இருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் மருத்துவ நிலையங்களை நாடியும் சென்றிருந்தனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது இருமல் மருந்துப் புட்டி மட்டுமே!

சிற்றூர் மக்கள் அறியாமையால் நோயை மறைத்து வைக்கிறார்கள், வெளியார் போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று எண்ணியவர்களுக்கு இது பேரிடியாக அமைந்தது. மக்கள் வந்தார்கள், நிலையங்கள்தாம் அவர்களைக் காணவில்லை. ஆகவே தானே நாடி வரும் இருமல்காரரின் சளியை அருகிலுள்ள நிலையத்திலேயே நுண்ணோக்கியில் பார்ப்பது, மருந்தை இலவசமாகக் கொடுப்பது என்னும் வழியை 1962இல் வகுக்கப்பெற்ற தேசியக் காசநோய்த் திட்டம் தேர்ந்தது. ஊடுகதிர் மாவட்ட மையத்தில் நின்றது. காவிரி நாட்டவருக்குத் தஞ்சை மருத்துவக் கல்லூரியும் செங்கிப்பட்டிக் காசநோய் மருத்துவமனையும் நாடிச் செல்லும் இடங்களாயின.

1951 முதல் பத்தாண்டுகள் இந்தியக் காசநோய்ப் பணியில் இருந்த ஆல்ப்டன் மாலர் என்னும் டேனியரும் இத்திட்டத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர். பின்னர் 1973 முதல் 1988 வரை உலக நலவாழ்வு நிறுவனத்தின் தலைமை இயக்குநராக இருந்து, 1978இல் அல்மா அட்டா நகரில் அனைவர்க்கும் நலவாழ்வு என்னும் முழக்கத்தை முன்னின்று எழுப்பியவர் அவரே. இந்தியச் சிற்றூரில் கற்ற பாடம் உலகக் கொள்கையாகப் பரவியது. தரங்கைக்குக் கற்பிக்க வந்து கற்றுச் சென்ற கிரண்ட்லரின் வரலாறு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப்பின் மீண்டும் நிகழ்ந்தது எனலாம்.

அதே பார்வையில் ஊடுகதிர்க் கருவியையும் எளிமையாக்க அந்நிறுவனம் முயன்றது. மின்சாரம் நின்றாலும் மின்கலத்தால் இயங்குவதும், குறுகிய பயிற்சி பெற்ற பணியாளரே கையாளத்தக்கதுமான அடிப்படைக் கருவி ஒன்று வகுக்கப்பட்டது. அதற்கான கையேடுகள் 1980களில் வெளிவந்தன. செல்வ நாடுகள் கழித்த பழங்கருவிகளை நன்கொடையாக ஏழை நாடுகளுக்கு அனுப்பி, உதிரிப் பாகமும் பழுது பார்ப்போரும் இன்றி அவை துருப்பிடிப்பதைப் பலகாலும் கண்டதன் விளைவு அது.

மீண்டும் வந்த ஊர்தி

கதை அத்துடன் முடிந்திருந்தால் ஊடுகதிர் ஊர்தி வரலாற்றின் ஓர் அத்தியாயமாக மட்டும் நின்றிருக்கும். ஆனால் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்க் கணக்காய்வு புதிய உண்மையைக் காட்டியது. முன்னைச் சென்னை மையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. இக்கணக்காய்வை ஒருங்கிணைத்ததும் அதுவே. எண்ணிமுறை ஊடுகதிர் ஊர்திகள் ஊர்தோறும் சென்றன. உறுதி செய்யப்பெற்ற நோயாளிகளில் 42.6 விழுக்காட்டினர் ஊடுகதிர்ப் படம் எடுக்காமல் இருந்திருந்தால் அறியப்படாமலே போயிருப்பர். அவர்களுக்கு இருமல் முதலிய அறிகுறி வெளிப்படவில்லை. மறுபுறம், அறிகுறி இருந்தவர்களிலும் நூற்றுக்கு 64 பேர் மருத்துவரை நாடவில்லை.

1963இன் முடிவு பிழையன்று. அது தானே வந்தவர்களைப் பற்றியது. வராதவர்களையும், தமக்கு நோய் இருப்பதை அறியாதவர்களையும் பற்றிப் புதிய கணக்காய்வு பேசியது. இரண்டும் சேர்ந்ததே முழு உண்மை. உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல், ஊடுகதிர்ப் படத்தைக் கணினியே படித்துக் காசநோய் ஐயத்தைச் சுட்டும் முறையை ஏற்றுப் பரிந்துரைத்தது. கையில் ஏந்தத்தக்க சிறு கருவிகளும் வந்துவிட்டன. இந்தியாவில் உருவான படிப்பு மென்பொருள் இன்று ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளின் சிற்றூர் மருத்துவமனைகளில் பயன்படுகிறது. முன்னொரு காலம் கடல் கடந்து இங்கு வந்த பணி, இன்று இங்கிருந்து கடல் கடக்கிறது.

வெளிநாட்டுத் தன்னார்வ முயற்சிகளும் தம் முறையை மாற்றிக்கொண்டிருக்கின்றன. 2008இல் அமெரிக்காவில் தோன்றிய ராட்-எய்டு என்னும் அமைப்பு, கருவி அனுப்புவதற்கு முன் அவ்வூரின் மின்சாரம், பணியாளர், மேல்மருத்துவ வசதி ஆகியவற்றை ஆராய்வதை முதற்பணியாகக் கொண்டது. சண்டிகரில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தோடு இணைந்து பெண்களுக்கான ஆசா சோதி என்னும் நடமாடும் ஊர்தியை நடத்தியது. மார்பகப் படமும் எலும்பு அடர்த்திப் படமும் அவ்வூர்தியிலேயே எடுக்கப்பட்டன; ஐயம் கண்டவர் அந்நிறுவனத்திற்கே மேல்மருத்துவத்திற்கு அனுப்பப்பட்டனர். படத்திற்குப் பின்னே மருத்துவமனை ஒன்று நிற்க வேண்டும் என்பது இப்போது தெளிவாகிவிட்டது.

நிறைவுரை

தரங்கையில் உயிர்நீத்த மருத்துவர் தொடங்கி, தஞ்சை மன்னரின் கண் ஓவியங்கள், இராண்ட்கனின் இருட்டறை, குடந்தை மேதையின் தெளிவுபடாத நோய், ஆரோக்கியவரத்தின் ஊர்தி, தும்கூர்ச் சிற்றூர் தந்த பாடம் ஆகியவற்றை ஒருசேர நோக்கினால் ஒரு கருத்துப் புலப்படும். நோயைக் காட்டும் படம் தன்னளவில் நோயைத் தீர்ப்பதில்லை. மருந்தும், மருந்தைத் தருவோரும், மீண்டும் வந்து நலம் கேட்போரும் இல்லாத ஊரில் ஊடுகதிர்ப் படம் நோயாளிக்கு அச்சத்தை மட்டுமே விட்டுச்செல்லும். அவை உள்ள ஊரில் அதே படம் ஆயுளைக் கூட்டும்.

எத்தனை கருவி சுமந்து வந்தனர் என்பதைவிட எத்தனை காலம் தங்கினர், யாருக்குக் கற்றுக்கொடுத்துச் சென்றனர், யாரிடமிருந்து கற்றுக்கொண்டனர் என்பதைக் கொண்டே இத்தொண்டினரை வரலாறு மதிப்பிடுகிறது. தரங்கைக் கோட்டை இன்று காட்சிப்பொருள். டேனிய வாணிகம் கடல் அலையோடு போயிற்று. ஆனால் அக்கரையிலிருந்து வந்தோரும் இக்கரையில் பிறந்தோரும் கூடி வளர்த்த மருத்துவப் பணி இன்றும் ஊர்தியாய்ச் சிற்றூர்த் தெருக்களில் ஓடுகிறது.

நீண்ட ஆயுள் வேண்டி நாள்தோறும் மக்கள் வந்து நிற்கும் ஊர் திருக்கடையூர். அவ்வேண்டுதல் அறுபதும் எண்பதும் கண்டவர்க்கு மட்டும் உரியதாகாமல், முப்பதிலும் நாற்பதிலும் இருமி மாயும் உழவர்க்கும் கவிஞர்க்கும் கணித மேதையர்க்கும் உரியதாக வேண்டும். அதற்கான கதிர் இன்று கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. அதனைக் கடைமடை வரை கொண்டுசேர்ப்பது, காவிரி நீரைக் கடைமடை வரை கொண்டுசேர்ப்பதைப் போலவே, இந்நாட்டின் கடன்.